பொருள்: ரோட்டரின் கம்ப்ரெஷன் ரேஷியோ, தமிழில் எப்படி? (வெள்ளிக்கிழமை அச்சு)

பட்டறைத் தம்பி, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் எங்கள் பட்டறையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எஞ்சின் வகுப்பு நடக்கிறது. இப்போது ஹாஃப் கட்டில் (வெட்டி இறக்குமதியான பழைய காரின் பாதி) வந்த மஸ்டா 13பி டர்போ ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி எஞ்சின் அது. எந்த ரோட்டரைப் போட்டுக் கட்டுவது என்பதுதான் வகுப்புக்கு நான் அச்சிடும் குறிப்பின் முதல் பாடம். அதற்குப் பார்க்க வேண்டியது கம்ப்ரெஷன் ரேஷியோ, அதாவது அறையின் மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள விகிதம். 1986-88 மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் டர்போ ரோட்டருக்கு 8.5, 1989 முதல் வந்த டர்போவுக்கு 9.0, அதே காலத்து டர்போ இல்லாத எஞ்சினுக்கு 9.7. வித்தியாசம் ரோட்டர் முகத்தில் உள்ள குழியின் அளவில். ஓர் அறையில் 654 சிசி இடம் மாறுகிறது; கடைசியில் மிஞ்சும் இடம் 8.5இல் சுமார் 87 சிசி, 9.0இல் 82, 9.7இல் 75.

இதற்கு 'அழுத்த விகிதம்' என்று எழுதியிருந்தேன். அடுத்த பக்கத்தில் டர்போவின் பிரஷர் ரேஷியோ வருகிறது. அதுவும் அழுத்த விகிதம்தான்! பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) 1 பார் என்றால் அது ஏறத்தாழ 2. "அண்ணே, அழுத்த விகிதம் ஒன்பதா இரண்டா?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ:

தம்பி, இதில் குழப்பமே இல்லை. அமுக்க விகிதம். ஷீட் ரோலரில் ரப்பரை அழுத்துகிறோம், தண்ணீர் வெளியே போகிறது. மூடிய இடத்தில் தப்ப வழியில்லாத காற்றை அமுக்குகிறோம். அமுங்கு தன்வினை, அமுக்கு பிறவினை, அமுக்கம் தொழிற்பெயர்.

யாழ்ப்பாண வாசகர்:

ஐயா, நீங்கள் சொல்வது எங்களுக்குத் தலைகீழ். இலங்கைப் பாடநூலில் அமுக்கம்தான் பிரஷர். வளிமண்டல அமுக்கம் என்றே படித்தோம். உங்கள் சொல்லைப் போட்டால் தம்பியின் குழப்பம் கடல் கடந்து எங்களிடம் வந்து சேரும். கம்ப்ரெஷனுக்கு நாங்கள் எழுதுவது நெருக்கல். பிஸ்டனுக்கு முசலம்.

தமிழாசிரியர், ஈப்போ:

முசலம் வடசொல். உலக்கை இருக்க முசலம் எதற்கு? உல் என்னும் வேரிலிருந்து உலவு, உலா, உலகு, உலக்கை எல்லாம் பிறந்தன என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். உலாவுவது உலக்கை. மேலும் கீழும்...

பட்டறைத் தம்பி:

ஐயா, ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனே கிடையாது.

இலக்கண ஆர்வலர், தைப்பிங்:

பிஸ்டனை விடுங்கள். ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் எல்லாரும் படித்ததுதானே? அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாகக் குறுகுகிறது. அதாவது 2:1. ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் இரண்டிலிருந்து ஒன்றாகிறது, அதுவும் 2:1. சொல் முதலில் ஒன்றரை, ஆகவே 4:3. நம் இலக்கணத்தில் விகிதத்தோடு நிற்கும் சொல் இது. குறுக்க விகிதம் என்று வையுங்கள்.

கிள்ளான் பொறியாளர்:

குறுக்க என்றால் என் பையன் சாலையைக் குறுக்கே கடப்பதாக நினைப்பான்.

ஐந்து மடல் ஆகியும் எந்த ரோட்டர் என்று யாரும் சொல்லவில்லை. தம்பி, பிள்ளைகளுக்கு அதை முதலில் எழுதுங்கள். 9.7 போட்டு மேலே பூஸ்டும் ஏற்றினால், கலவை தானாகப் பற்றிக்கொண்டு நாக்கிங் வரும் ஆபத்து கூடும். ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் பட்டை) உடைந்தால் ரோட்டரைச் சுற்றியுள்ள ஹவுசிங்கைக் கீறிவிட்டு, போகிற வழியில் டர்போவின் சக்கரத்தையும் கடிக்கும். 8.5 கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனால் டர்போ பிடிக்கும் வரை வண்டி சோம்பலாகத்தான் போகும். தெருவில் ஓடும் வண்டிக்கு நான் 9.0தான் போடுவேன். 8.5க்கும் 9.0க்கும் உள்ள வித்தியாசத்தை விட டியூனிங் சரியாக இருப்பது முக்கியம். இன்னொன்று: 1986-88 ரோட்டர் எடை கூடியது. எதிரெடையை மாற்றாமல் பின்னாள் ரோட்டரோடு மாற்றிப் போடக் கூடாது.

சொல்லுக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகள் எஸ்கேஎம் என்னும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழுக்கு மலாயில் 'நிஸ்பா மம்பாத்தான்' என்று எழுதப் போகிறவர்கள். பட்டறையில் கம்ப்ரெஷன். மூன்றாவதாக ஒரு சொல் எதற்கு?

தமிழாசிரியர், ஈப்போ:

மலாய்க்காரர் மம்பாத்தான் என்று தம் சொல்லால் சொல்லலாம், நாம் மட்டும் கம்ப்ரெஷன் என்று கிடக்க வேண்டுமா? நிஸ்பா அரபு என்று கிளம்பாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

இலக்கண ஆர்வலர், தைப்பிங்:

விகிதமும் வடசொல்தான் ஐயா. வீதம்?

பட்டறைத் தம்பி:

ஐயா, விகிதத்தில் கை வைக்காதீர்கள். நாளை அச்சு. தனிமடலில் வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் அதிகம் பேர் 'நெருக்கல் விகிதம்' பக்கம். 'நெருக்கம்' என்று போட்டால் வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள், அதனால் 'நெருக்கல்'. டர்போ பக்கத்தில் 'அழுத்த விகிதம்' அப்படியே இருக்கும். அட்டவணைத் தலைப்பில் மட்டும் கம்ப்ரெஷன் என்றும் சேர்த்திருக்கிறேன், கிள்ளான் அண்ணன் கோபித்துக்கொள்ளாமல் இருக்க.

தமிழாசிரியர், ஈப்போ:

பெரும்பான்மை இலக்கணம் ஆகாது. அமுக்க விகிதமே சரி. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

யாழ்ப்பாண வாசகர்:

மகிழ்ச்சி. அடுத்து ஏபெக்ஸ் சீலுக்கு என்ன? 'முனை முத்திரை' என்று யாராவது எழுதினால் நான் குழுவை விட்டே போய்விடுவேன்.

இலக்கண ஆர்வலர், தைப்பிங்:

முத்திரை என்ற சொல்லின் வேரைக் கொஞ்சம் பார்ப்போம்...