மெட்-சேர்ஜ் ரிவிஷன்: எல்லா சிஸ்டமும் குழம்பிக் கிடக்கு, எங்க இருந்து தொடங்கிறது?

பனங்கிழங்கு எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில நேர்சிங் மூண்டாம் வருசம் படிக்கிறன், ஃபைனல் கிட்ட வந்திட்டுது. மற்றப் பாடமெல்லாம் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம், மெடிக்கல் சேர்ஜிக்கல் (மெட்-சேர்ஜ், வருத்தங்களும் ஒப்பரேசனும் பற்றின பாடம்)தான் ஏலாமக் கிடக்கு. ஹாட், லங்ஸ், கிட்னி, லிவர், மூளை எண்டு ஒவ்வொண்டா நோட்ஸ் எடுத்துப் பாடமாக்கிறன், கிட்னி முடிக்கேக்கை ஹாட் போயிட்டுது, திரும்ப ஹாட் பாத்தா கிட்னி போயிட்டுது. இதுக்கை "இந்த நாலு பேஷன்றில முதல் யாரிட்டப் போவாய்" எண்டு கேட்டா கை நடுங்குது.

இன்னொண்டு, டிகேஏ (இன்சுலின் காணாமச் சீனி ஏறி ரத்தத்தில அமிலம் சேருற நிலை) பேஷன்றுக்கு ரிப்போட்டில பொட்டாசியம் நோமலாத்தானே கிடக்கு, பிறகேன் சேலைனுக்கை பொட்டாசியம் போடுகினம்? தெரிஞ்ச அக்காமார் அண்ணாமார் சொல்லுங்கோ.

---

நைற்_டியூட்டி_அக்கா:

தங்கச்சி, முதல் அந்த சிஸ்டம் சிஸ்டமாப் பிரிக்கிறதை விடுங்கோ. வோட்டுக்கு வாற ஐயாவுக்கு ஹாட் தனிய, கிட்னி தனிய எண்டு வருத்தம் வாறேல்ல. ஒரு ஆளை எடுத்து அவருக்கு அடுத்தது என்ன நடக்கும் எண்டு பின்னாலேயே போங்கோ.

ஹாட் ஃபெயிலியர் ஐயா ஒராள் எண்டு வைப்பம். இடப்பக்கம் பம்ப் பண்ணேல்ல எண்டா ரத்தம் பின்னுக்குத் திரும்பி லங்ஸில தேங்கும், மூண்டு தலகணி வைச்சுச் சாஞ்சுகொண்டுதான் படுப்பார், இரவில மூச்சு முட்டி எழும்பி இருப்பார். வலப்பக்கமும் போனா கால் வீங்கும், கழுத்து நரம்பு எழும்பும், வயிறு ஊதும், லிவர் நோகும். ஃப்ரூசமைட் (சலம் போக வைக்கிற மருந்து) குடுக்கிறம், சலம் போகுது, அதோட பொட்டாசியமும் போகுது. அவர் டிகொக்சினும் (ஹாட்டுக்குக் குடுக்கிற மருந்து) போடுற ஆள் எண்டா அங்கதான் ஆபத்து, பொட்டாசியம் குறைஞ்சா டிகொக்சின் நஞ்சாகும், சத்தி, சாப்பாட்டில மனமில்லை, கண்ணுக்கு மஞ்சளாத் தெரியுது எண்டுவார். அதாலதான் குடுக்க முதல் ஏபெக்ஸில (நெஞ்சில ஹாட் துடிக்கிற இடத்தில) ஒரு முழு நிமிசம் துடிப்பை எண்ணச் சொல்லுறது, 60க்குக் கீழ எண்டா குடுக்காம டொக்டரிட்டச் சொல்லோணும்.

இப்ப அதே ஐயாவுக்கு கிட்னியும் போகுது எண்டு நினையுங்கோ. கதை அப்பிடியே மாறும். சலம் குறையும், பொட்டாசியம் ஏறும், ஈசிஜியில ரி வேவ் எண்ட அலை கூராக எழும்பும். கல்சியம் குளுக்கனேற் குடுக்கிறது ஹாட்டைக் காக்கத்தான், அது பொட்டாசியத்தைக் குறைக்காது. குறைக்கிறது இன்சுலினும் டெக்ஸ்ரோஸும் (குளுக்கோஸ்), அதுவும் செல்லுக்கை தள்ளி விடுறதுதான், உடம்பை விட்டு வெளியேத்தேல்ல. பாத்தீங்களோ, ஒரு ஐயாவிலேயே ஹாட், லங்ஸ், லிவர், கிட்னி, மருந்து எல்லாம் முடிஞ்சுது.

டிகேஏ கேள்விக்கும் பதில் இதுக்கைதான் கிடக்கு. இன்சுலின் இல்லாம பொட்டாசியம் செல்லை விட்டு வெளியில வந்து ரத்தத்தில நிக்குது, அதாலதான் ரிப்போட் நோமல், சிலருக்குக் கூடவும் இருக்கும். உண்மையில கனக்கச் சலத்தோட போயிட்டுது. நீங்கள் இன்சுலினைத் தொடங்கின உடன மிச்சமும் செல்லுக்கை போயிடும், ரத்தத்தில சட்டெண்டு விழும். பொட்டாசியம் 3.5 mmol/Lக்குக் கீழ (பழைய புத்தகங்களில 3.3) எண்டா இன்சுலினை மறிச்சு முதல் பொட்டாசியந்தான். ஆனா பொட்டாசியத்தை ஒருநாளும் நேர ஊசியாப் புஷ் பண்ணுறேல்ல, ஹாட் நிண்டிடும்.

---

வல்லைவெளிக்_காத்து:

அக்கா சொன்னது வடிவான முறைதான், ஆனா சோதினை கிட்ட வந்த பிள்ளைக்கு ஒவ்வொரு ஐயாவுக்குப் பின்னாலயும் போக நேரம் காணாது. நான் எண்டா "முதல் யாரு" கேள்வியைத்தான் பிடிப்பன், மார்க்ஸ் போறது அங்கதான்.

அதுக்கு ஒரே கேள்வி, இது இந்த வருத்தத்தில எதிர்பாத்ததோ, புதுசா வந்ததோ? சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு வருத்தம்) ஆள் ஒக்சிசன் 90 சதவீதத்தில இருக்கிறார் எண்டா பதறாதேங்கோ, அவருக்கு 88க்கும் 92க்கும் இடையில வைச்சிருக்கத்தான் சொல்லுறது. ஒப்பரேசன் செய்து அடுத்த நாள் நோ எண்டு கத்துற ஆளுக்கு நோ இருக்கத்தான் செய்யும், பாக்கோணும், ஆனா முதல் இல்லை. மோட்டசைக்கிளால விழுந்து தலை அடிபட்ட தம்பி பேசாமப் படுத்திருக்கிறான், பல்ஸ் 88 இருந்தது 52, பிபி 170க்கு 70, மூச்சும் ஒழுங்கில்லை. ஓட வேண்டியது அவனிட்டத்தான், மண்டைக்குள்ள பிரஷர் ஏறுது. ஷொக்கில (உடம்புக்கு ரத்த ஓட்டம் காணாமப் போற நிலை) இதுக்கு நேர்மாறு, பல்ஸ் ஏறும் பிபி இறங்கும். இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதி வையுங்கோ.

சத்தம் போடாத ஆளைத்தான் கேள்வி செய்யிறவை கூட ஒளிச்சு வைப்பினம். அதோட வயசான அம்மாமார் "வாய்வுக் குத்து பிள்ளை, ஒரு சோடா தா" எண்டுவினம், டயபெற்றிஸ் உள்ளவைக்கு நெஞ்சு நோவே இல்லாம அற்றாக் வரும். வாய்வு எண்ட சொல்லைக் கேட்டா 10 நிமிசத்துக்கை ஈசிஜி எடுங்கோ.

---

சலக்_கணக்குப்பிள்ளை:

எங்கட ஊர் வருத்தங்களை விட்டிட்டீங்களே ரெண்டு பேரும். 2024 மார்கழியில இஞ்ச எலிக்காய்ச்சல் வந்தது நினைவிருக்கோ? வெள்ளத்தில, வயலில கால் வைச்ச ஆள், காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு. பிறகு கண் மஞ்சளாகும் எண்டா லிவர், சலம் குறையும் எண்டா கிட்னி, இருமி ரத்தம் வந்தா லங்ஸ். ஒரு கிருமி, மூண்டு சிஸ்டம்.

டெங்கு அதை விட நல்லாக் கேக்கலாம். காய்ச்சல் விட்டிட்டுது, வீட்டை போவம் எண்டு சனம் நிக்கிற நேரந்தான் ரத்தக்குழாயால தண்ணி கசியத் தொடங்கும், அது 24 தொடக்கம் 48 மணித்தியாலம் இருக்கும். பிளேற்லெற்றையே (ரத்தம் உறைய வைக்கிற செல்) பாத்துக்கொண்டு இராதேங்கோ, ஹெமற்றோகிரிற் (ரத்தத்தில சிவப்புச் செல்லின்ர பங்கு) 20 சதவீதம் ஏறுதோ எண்டு பாருங்கோ. சலம் கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 0.5 மில்லி வருதோ எண்டு எழுதுங்கோ. கூடத் தண்ணி குடுத்தாலும் பிழை, கசிவு நிண்ட பிறகு அது திரும்பி வந்து லங்ஸை நிரப்பும்.

---

பனங்கிழங்கு:

ஐயோ கனக்க நன்றி, டிகேஏ இப்பதான் விளங்கினது. கடைசியா ஒண்டு, ஐசி ரியூப் (நெஞ்சுக்குள்ள இருந்து காத்து, தண்ணி எடுக்கிற குழாய்) போத்திலில குமிழி வந்தா நல்லமோ கூடாதோ?

---

நைற்_டியூட்டி_அக்கா:

மூச்சோட தண்ணி ஏறி இறங்கினா நல்லம். நியூமோதொராக்ஸுக்கு (லங்ஸைச் சுத்திக் காத்து நிக்கிறது) இருமேக்கை இடைக்கிடை குமிழி வரும், அதுவும் பரவாயில்லை. விடாமக் குமிழி வந்தா எங்கயோ காத்து ஒழுகுது, இணைப்புகளைப் பாருங்கோ. தண்ணி அசையாம நிண்டா ஒண்டில் லங் விரிஞ்சிட்டுது, இல்லாட்டி ரியூப் மடிஞ்சோ அடைச்சோ கிடக்கு, அப்ப போத்திலைப் பாக்க முதல் ஆளின்ர மூச்சைப் பாருங்கோ. போத்தில் எப்பவும் நெஞ்சுக்குக் கீழ. எக்ஸ்ரேக்கு கொண்டு போகேக்கை அற்றெண்டன் கட்டிலுக்கு மேல தூக்கி வைப்பார், விடாதேங்கோ, கிளாம்ப் பண்ணவும் விடாதேங்கோ.