புதுப்பிப்பு: கையடக்க எஸ்எஸ்டி வேகச் சிக்கல் தீர்ந்தது

நொடிக்கு 20 ஜிகாபிட் எனக் குறிக்கப்பட்ட கையடக்க எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவில் திருமணக் காணொளிகளை நகலெடுக்கும்போது நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டவில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி. கேபிளை மாற்றச் சொன்ன யோசனையே பலித்தது. இணைத்திருந்த சார்ஜிங் கேபிள் யூஎஸ்பி 2.0 வகை, அதன் உச்சவரம்பே நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட்தான் (8 பிட் ஒரு பைட்). பெங்களூரு எஸ்.பி. சாலையில் 20 ஜிகாபிட் கேபிள் வாங்கி இணைத்ததும் வேகம் ஏறத்தாழ 950 மெகாபைட்டானது.

நான் எதிர்பாராதது, அதற்குமேல் அது ஏறவில்லை என்பதே: இந்த டிரைவ் முழு வேகத்தை யூஎஸ்பி 3.2 ஜென் 2×2 என்ற 20 ஜிகாபிட் இணைப்பு முறையில்தான் தருகிறது. என் மடிக்கணினியின் தண்டர்போல்ட் 4 என்ற அதிவேக போர்ட் அம்முறையை ஏற்காததால் இணைப்பு 10 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே வாங்குமுன் போர்ட்டின் விவரக்குறிப்பையும் அவசியம் பாருங்கள். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது டிரைவின் கேச் (வேகமான தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பி வேகம் சரிகிறது என்றாலும், 4கே காணொளியை டிரைவிலிருந்தே தொகுக்க எனக்கு இது தாராளமாகப் போதுகிறது.