எரிகாற்றா, ஹைட்ரஜனா: ஃபிராங்க்ளின் மடல்களுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1783இல் பாரிசை அடுத்த பாசியிலிருந்து, இலண்டன் அரச கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்ஸுக்கு எழுதிய பலூன் மடல்களின் தமிழாக்கத்தை வரும் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஆகஸ்ட் 27 அன்று பிரெஞ்சு அறிவியலாளர் ஜாக் சார்ல் பறக்கவிட்ட 12 அடி விட்டமுள்ள பட்டுக் கோளத்தை அவர் விவரிக்கும் இடத்தில், அதில் நிரப்பிய காற்றுக்கு எந்தச் சொல்லை எழுதுவது என்ற கேள்வியால் வேலை நின்றுபோயிருக்கிறது. இரும்புத்தூளின் மேல் கந்தகத் திராவகத்தை ஊற்றினால் எழும் காற்றை அதில் நிரப்பினார்கள் என்கிறார். மேலே போகப் போகச் சிறுத்த அக்கோளம், முகிலுக்குள் நுழைகையில் ஓர் ஆரஞ்சுப் பழ அளவே தெரிந்தது என்றும் எழுதுகிறார்.

அந்தக் காற்றை ‘ஹைட்ரஜன்’ என்றே எழுதினால் மாணவர்க்கு உடனே விளங்கும் என்று வேதியியல் ஆசிரியை அம்மா சொன்னதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘நீரை ஆக்குவது’ என்று பொருள்படும் அப்பெயர், பிரெஞ்சு வேதியியலார் லவாசியேயும் தோழர்களும் 1787இல் வெளியிட்ட வேதியியல் பெயர்முறையில்தான் இடம்பெற்றது. மடல் எழுதியவர் அறிந்திருந்த பெயர் தீப்பற்றும் காற்று என்பதே. நான்காண்டு பிந்திய சொல்லை அவர் வாயில் வைத்தால், அந்த நாளின் திகைப்பே மடலிலிருந்து போய்விடும். ‘எரிவாயு’ என்றாலோ சமையலறை சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். எனவே ‘எரிகாற்று’ என்கிறேன். பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக் 1804இல் பாரிசிலிருந்து பலூனில் ஏறக்குறைய 7,000 மீட்டர் உயரம் சென்றதைப் பற்றிய பகுதியில் அதே காற்றுக்கு ‘ஹைட்ரஜன்’ என்று தயங்காமல் எழுதலாம்.

‘எரிகாற்று’ வினைத்தொகை ஆதலால் அனல்காற்று என்றும் பொருள் கொள்ள இடமுண்டு என்று மறுக்கும் புலவர் ஐயா, ‘எரிவளி’யை முன்வைத்து, ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்னும் புறநானூற்று அடியிலிருந்து வளியின் வேர் வரை மூன்று மடல்கள் எழுதியிருக்கிறார். அவற்றை விரும்பிப் படித்தேன். ஆயினும் அடுப்படியிலும் தெருவிலும் புழங்கும் ‘காற்று’ என்ற சொல்லைக் கொண்டுதான் அக்காலத்து வேதியியலாரும் பேசினார்கள். நமக்கும் அதுவே பொருந்தும்.

அதே ஆண்டில் பிரான்சில் தீ மூட்டிச் சூடான காற்றால் பலூன் பறக்கவிட்ட மொன்கொல்ஃபியே சகோதரர்களின் பலூனுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் தந்த ‘புகைக்குண்டு’ என்னை மிகவும் ஈர்த்தது. வல்வெட்டித்துறைத் திருவிழாவில் தாளால் ஒட்டி, அடியில் தீ மூட்டி வானில் விடுவதற்கு ஏற்கெனவே வழங்கும் பெயர் அது. வைக்கோலையும் கம்பளி மயிரையும் எரித்த அச்சகோதரர்கள், புகையில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் தூக்குகிறது என்று நம்பியதால், அப்பெயர் அவர்களின் எண்ணத்துக்கும் பொருந்துகிறது. தமிழகத்தில் ‘குண்டு’ என்றதும் வெடிப்பதையே நினைப்பார்கள் என்ற தடை உண்மையானது. அதற்கு என்னிடம் விடையில்லை.

நால்வர் ‘எரிகாற்று’க்கு இசைந்துவிட்டார்கள், ஐயா இசையவில்லை. அச்சொல்லையே அனுப்புகிறேன்; ‘புகைக்குண்டு’ பற்றி மட்டும் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.