கொழுக்கட்டைப் புல் விதை ஏன் முளைக்கவில்லை?

கொறங்காட்டுக்காரர், வெள்ளகோவில்:
கோடை முழுதும் காய்ந்து வெறும் அடித்தூராய் நின்ற எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல், ஐப்பசியில் பெய்த முதல் மழைக்கு ஐந்தாறு நாளிலேயே துளிர்த்துவிட்டது. அதே புல்லின் கதிரைக் கார்த்திகைக் கடைசியில் உருவி, புல் அற்றுப்போன மேட்டில் அடுத்த மழைக்கே தூவினேன். மூன்று வாரமாகியும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் முளைத்திருக்கிறது. கோடையில் பொறுக்கிவைத்து, கூடவே ஊன்றிய வெள்வேல மரத்து விதையும் அப்படியே கிடக்கிறது. மண்ணும் மழையும் ஒன்றுதானே, பிறகு ஏன்?

தாராபுரம் வாசகர்:
அண்ணா, தூர் துளிர்ப்பது வேறு, விதை முளைப்பது வேறு. இலை காய்ந்து சருகானாலும் அடிக்கணுக்களில் மொட்டு உயிரோடு இருக்கிறது; தூரிலும் வேரிலும் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டு, ஈரம் பட்டதும் விட்ட இடத்திலிருந்து அது வளரத் தொடங்குகிறது. விதையின் கதை அப்படியல்ல. புதிதாக உருவிய கொழுக்கட்டை விதை, ஈரம் இருந்தாலும் ஆறு முதல் எட்டு மாதம் வரை முளைக்காமல் உறங்கும். கார்த்திகையில் உதிர்ந்த கையோடு முளைத்தால், பின்பனி முடிந்து வரும் வெயிலை இளநாற்று தாங்காது. மணியை மூடியிருக்கும் சுணைக்கூட்டை உரித்து மணியை மட்டும் எடுத்தால் சற்று முன்னதாகவே முளைக்கும்; ஏக்கர் கணக்கில் அது நடக்கிற வேலையில்லை. துணிப்பையில் கட்டிக் காற்றோட்டமாக வைத்திருந்து, அடுத்த ஐப்பசிக்குத் தூவுங்கள்.

மூலனூர்ப் பெரியவர்:
தம்பி, வெள்வேலின் தடை விதைத்தோலில் இருக்கிறது. அது தண்ணீரையே உள்ளே விடாது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு மறுநாள் காலை வரை ஆறவிட்டால், நீர் ஏறிய விதை தோல் இளகி உப்பியிருக்கும். உப்பாததைக் முளை வரும் கண் பக்கத்தை விட்டுவிட்டு மறுமுனையில் கல்லில் தேய்த்து மீண்டும் ஊறவைக்க வேண்டும். வெள்வேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையோடு விழுகிற விதை பட்டியோரத்தில் முளைத்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உறக்கமே இல்லாத விதையும் தொல்லைதான். ஒரு வருடம் கொத்து நிலக்கடலை பறிக்கிற சமயத்தில் அடைமழை பிடித்துக்கொள்ள, செடியிலேயே காய்க்குள் முளைவிட்டுப் பாதி வீணானது. பக்கத்துத் தோட்டத்துக் கொடி நிலக்கடலைக்கு விதை உறக்கம் உண்டு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கொறங்காட்டுக்காரர், வெள்ளகோவில்:
நன்றிங்க. அப்படியானால் மேட்டில் தூவிய விதை வீண்தானா?

தாராபுரம் வாசகர்:
எறும்பு இழுத்தது போக மிஞ்சியது மண்ணிலேயே கிடந்து பின்னால் முளைக்கும். அதுவரை அந்த மேட்டில் ஏர் ஓட்ட வேண்டாம். சின்ன விதை, ஆழத்தில் புதைந்தால் மேலே வராது.