ஸ்பைடர்மேன் பிசி: 4 ஜிபி கார்டு வச்சிருக்கவங்க கணக்கு வேணும்

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்துல ஒரு கேம் சென்டர்ல நாலு மிஷினுக்கு ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட் போடலாமான்னு பார்க்கறோம். 2022-ல வந்த பிசி வெர்ஷன். நாலுலயும் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு (4 ஜிபி), 8 ஜிபி ரேம். கேம் குறைந்தபட்சம்னு கேட்கறது ஜிடிஎக்ஸ் 950, 8 ஜிபி ரேம், 75 ஜிபி இடம். அதனால ஓடும்.

சண்டையில குறையே இல்ல, அடி விழற சுகமே தனி. வலை வீசித் தாவும்போதுதான் திக்குது. வேகமா போகப்போக அடுத்த தெருவை டிஸ்க்லேருந்து எடுத்துக்கிட்டே இருக்கணும். ஹார்டு டிஸ்க் ஈடு கொடுக்கல. அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டதும் பாதி சரியாச்சு. டெக்ஸ்ச்சரை (சுவர், தரையோட படத் தெளிவு) ஏத்தினா கார்டோட 4 ஜிபி மெமரி நிரம்பி மறுபடி அதே கதை.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இதே கார்டு இருக்கறவங்க ஒரு உதவி பண்ணுங்க. பத்து நிமிஷம் விளையாடி கார்டு சூடானதும், கேம்ல வர்ற நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர்லேருந்து ஹார்லெம் வரைக்கும் இறங்காம தாவுங்க. சென்ட்ரல் பார்க் உள்ள வேண்டாம், ஓரமா கட்டடங்கள் வழியா போங்க. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்ங்கற கணக்கு) தேவையில்ல, எவ்வளவு கீழ இறங்குச்சுன்னு சொல்லுங்க. செட்டிங்ஸ்ல டெக்ஸ்ச்சர், கூட்டம், டிராஃபிக் மூணும் எதுல வச்சீங்கன்னும் எழுதுங்க. கடைசி ரெண்டும் ப்ராசஸரைத்தான் பிடிக்கும். லேப்டாப்னா சார்ஜர் சொருகியே பாருங்க. நடுவுல கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினா வேகம் இறங்கிடும், அந்தக் கணக்கு செல்லாது.

16 ஜிபி ரேம் போட்டுப் பார்த்தவங்க இருந்தா முதல்ல நீங்க சொல்லுங்க.