மறு: பென்டார்க்கி – ‘ஐவராட்சி’ சரிதானா?

வணக்கம். பழைய கிறித்தவத் திருச்சபையின் ஐந்து தலைமை நகரங்களின் அடுக்கைக் குறிக்கும் ‘பென்டார்க்கி’ (pentarchy) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற பேச்சில், வந்த கேள்விகளுக்கு என் பதில் இதோ.

> பென்டா ஐந்து, ஆர்க்கி ஆட்சி. ‘ஐவராட்சி’ என்று முடித்துவிடலாமே?

சொல்லைப் பிரித்தால் சரிதான், பொருள்தான் இடிக்கிறது. ரோம், கான்ஸ்டான்டிநோபிள், அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் ஆகிய ஐந்து நகரங்களின் முதுபெரும் தந்தையரும் (தலைமை ஆயர்களும்) ஒன்றாக உட்கார்ந்து ஆண்டதே இல்லை. ‘ஐவராட்சி’ என்றால் படிக்கிற பிள்ளைக்குப் பஞ்சாயத்துதான் நினைவுக்கு வரும். அங்கே நடந்ததோ முதல் மரியாதைச் சண்டை. நம் ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று மல்லுக்கு நிற்பார்களே, அந்த வகை.

கான்ஸ்டான்டிநோபிள் தலைநகராகத் திறக்கப்பட்டது 330இல். 381இல் அங்கே கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், ‘இது புது ரோம்’ என்று சொல்லி அதன் ஆயருக்கு ரோமுக்கு அடுத்த இடத்தைக் கொடுத்துவிட்டது. 325இலேயே நைசியாவில் கூடிய சங்கத்தில் உரிமை உறுதியான அலெக்சாந்திரியா ஒரு படி இறங்கியது. 451இல் கால்சிதோன் சங்கத்தின் 28ஆம் விதி இன்னும் துணிந்தது: பேரரசரும் செனட்டும் இருக்கும் ஊர், ஆகவே பழைய ரோமுக்குச் சமமான சலுகை. ரோமின் தூதர்கள் மறுநாளே எதிர்த்தார்கள். திருத்தந்தை முதலாம் லியோ கடைசிவரை ஏற்கவில்லை.

எருசலேமின் கதை இன்னும் சுவை. நைசியாவின் 7ஆம் விதி அதற்கு மரியாதையைக் கொடுத்துவிட்டு, அதிகாரத்தைப் பாலஸ்தீனத்தின் தலைமை ஆயர் இருந்த செசரியாவிடமே விட்டுவைத்தது. மாலை உண்டு, சாவி இல்லை! மூன்று பாலஸ்தீன மாகாணங்கள் கைக்கு வந்தது 451இல்தான்.

என் பரிந்துரை: ஐம்பீட வரிசை. கத்தோலிக்கர் வழக்கில் திருத்தந்தையின் தலைமை இடத்துக்குத் ‘திருப்பீடம்’ என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் பீடம் புதிதல்ல. ‘வரிசை’ கியூ மட்டுமில்லை. தகுதிக்கேற்ற மரியாதை என்ற பொருளில் புறநானூற்றிலேயே உண்டு, சீர்வரிசையிலும் அதன் சாயல்தான். 692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் ஐந்து நகரங்களையும் அடுக்கிய 36ஆம் விதி செய்ததும் இதைத்தான்.

> ‘ஐம்பதி’, ‘ஐம்பேராயம்’?

பதி அழகான சொல். ஆனால் அய்யாவழியினருக்குப் பஞ்சப்பதி என்று ஐந்து புனிதத் தலங்கள் உண்டே, குமரிப் பக்கம் குழப்பம் வரும். தட்டச்சில் ஓரெழுத்து பிசகினால் ஐம்பதும் ஆகிவிடும். பேராயம் வேண்டவே வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் என்றால் பிஷப், கத்தோலிக்கரிடம் ஆர்ச்பிஷப்; இருக்கிற சிக்கல் போதும்.

> 692இல் அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம் மூன்றும் உமையாக்கள் (முஸ்லிம் கலீபாக்கள்) கையில். அப்புறம் என்ன வரிசை?

நல்ல கேள்வி. ஊர் கைமாறியும் இடம் மாறவில்லை, பாருங்கள். ‘ஆட்சி’ என்று பெயர் வைத்திருந்தால் இந்த இடத்தில் அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

வேறு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். அதன்பின் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.