ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் பிளஸ் டூவில் தொழிற்கல்வி படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் சொந்தங்களே. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்பு வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் அது எப்போது தொடங்கியது, என்னென்ன பிரிவுகள் இருந்தன என்று எழுதிவைக்க ஆசை. கையில் இருப்பதோ அண்ணனின் செய்முறை நோட்டு ஒன்றுதான். உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, டீசல் எஞ்சின் படத்தின் மேல் கிரீஸ் விரல் ரேகையோடு கிடக்கிறது. (படம் வரைந்து கொடுத்தது நான், அது வேறு கதை.) அந்தப் படிப்பை வைத்துத்தான் அண்ணன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர்ந்தார். இப்போது பாம்பனில் வல்லத்து (நாட்டுப் படகு) எஞ்சின் வேலை பார்க்கிறார்.

தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கம் படித்தவர்கள் பழைய போட்டோ, நோட்டு எது இருந்தாலும் அனுப்புங்கள். மார்க் ஷீட் என்றால் பதிவு எண்ணை மறைத்துவிடுங்கள். தையல் படித்த அக்காமார் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள், அவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.